தேயிலை மலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: கண்டியிலிருந்து அப்புத்தளை வரை ஒரு வழித்துணை

மலையகத்தின் தேயிலை அருங்காட்சியகங்களையும் பழைய தோட்டங்களையும் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது கிழமையை. திங்கட்கிழமை வேண்டாம். கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகம் அன்றைக்கு மூடியிருக்கும். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கொழுந்து எடுப்பதில்லை. ஞாயிறு கூடை நிறையாவிட்டால் திங்கள் காலையில் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) அரைக்க ஒன்றும் இருக்காது. நின்றுபோன இயந்திரங்களைச் சுற்றிக் காட்டி ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை கண்டியில் தொடங்கி வெள்ளி அல்லது சனி வரை நான்கைந்து நாள் ஒதுக்கினால் எல்லாமே திறந்திருக்கும், ஓடிக்கொண்டும் இருக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களையும் காலண்டரில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மாதம். மலையின் இரண்டு பக்கத்துக்கும் மழை வேறு வேறு காலத்தில் வரும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் அந்த நேரத்தில் காய்ந்து கிடக்கும். அங்கே ஆண்டின் கடைசி மாதங்களில்தான் கொட்டும். கண்டியிலிருந்து ஊவா (பதுளைப் பக்கம்) வரை ஒரே பயணத்தில் பார்க்க ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை வசதி. ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன்: அறை கிடைக்காது, கிடைத்தால் வாடகை ஏறியிருக்கும். தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலம் நடக்கும் நாட்களில் கண்டி நகருக்குள் வாகனம் நகராது.

மழை விஷயத்தை அலட்சியமாக எடுக்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தின் ரயில் பாதையையும் வீதிகளையும் லயங்களையும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளையும்) கடுமையாகச் சேதப்படுத்தியது. அடித்துப் பெய்த மழைக்கு மறுநாள் மண்சரிவு அபாயம் குறைந்துவிடுவதில்லை. ஊறிய மண் வெயில் அடிக்கும்போதுகூட இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் நாள் காலையில் அதைப் பார்த்துவிட்டு, ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. அம்புலன்ஸ் 1990.

பையில் போட வேண்டியவை அதிகமில்லை. தேசிய அடையாள அட்டை (பல இடங்களில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு), சில்லறைப் பணம், குடையைவிட மழைக்கோட்டு, பிடிப்புள்ள அடியுடைய சப்பாத்து, நீளமான காலுறை, ஒரு துணியில் முடிந்த உப்பு அல்லது ஒரு துண்டு சவர்க்காரம். கடைசி இரண்டும் இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிக்கு. கடித்த அட்டையைப் பிடித்து இழுத்தால் வாய்ப்பகுதி உள்ளே தங்கிப் புண்ணாகலாம். நகத்தால் பக்கவாட்டில் நெம்பிவிடுங்கள், கழுவுங்கள், அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நிற்க நேரம் எடுக்கும், பயப்பட ஒன்றுமில்லை. காலுறையின் மேல் முன்கூட்டியே சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் ஏறாது.

ஹந்தானை: கீழிருந்து மேலே ஒரு தடவை, மேலிருந்து கீழே ஒரு தடவை

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலை ஏறும் வழியில் சுமார் நான்கு கிலோமீற்றரில் இருக்கிறது இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் உடுவெல பஸ் ஏறி, அருங்காட்சியகத்தில் இறக்கிவிடச் சொல்லலாம். ஆட்டோவில் போனால் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். மேலே ஆட்டோ பிடிப்பது சிரமம். காலை ஒன்பது மணிக்குள் போய்விட்டால் பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் வருவதற்குள் கீழ்த்தளத்தை நிதானமாகப் பார்க்கலாம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கட்டடம் 1925இல் கட்டிய ஹந்தானைத் தோட்டத்து ஸ்டோர். பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்ததைத் திருத்தி 2001இல் அருங்காட்சியகமாக்கினார்கள். கீழே பழைய இயந்திரங்கள். மேலே தேயிலையின் வரலாறு, இங்கே தேயிலையை வியாபாரப் பயிராக முதலில் நட்ட ஜேம்ஸ் டெய்லர் சம்பந்தப்பட்ட பொருட்கள், நூலகம். அதற்கும் மேலே விற்பனைக் கடைகள். உச்சியில் தேத்தண்ணி குடிக்க இடமும் தொலைநோக்கியும். வழிகாட்டி கீழிருந்து மேலே கூட்டிப் போவார். தமிழில் சொல்லக்கூடியவர் இருக்கிறாரா என்று ரிக்கற் வாங்கும்போதே கேளுங்கள். கேட்காவிட்டால் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ தொடங்கிவிடுவார்கள், நடுவில் மாற்றுவது கடினம்.

அவர் காட்டி முடித்ததும் வெளியே வந்துவிடாதீர்கள். இனி தனியாக, மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். தேயிலை ஸ்டோர் என்பது மேலிருந்து கீழே வேலை செய்யும் கட்டடம். மலையில் எடுத்த கொழுந்தை முதலில் மேல் மாடிகளுக்கு ஏற்றுவார்கள். அங்கே சாக்குத் துணியோ கம்பி வலையோ கட்டிய தட்டுத்தட்டான அடுக்குகளில் பரப்பி வாட விடுவார்கள். கீழேயுள்ள அடுப்பின் சூட்டுக் காற்றைப் பெரிய விசிறிகள் மேலே இழுத்து அனுப்பும். இத்தனை யன்னல்கள் எதற்கு என்பதற்கும் அதுதான் பதில்: மழை நாளில் சூட்டுக் காற்று வேண்டும், வெயில் நாளில் வெளிக்காற்றே போதும், திறந்து மூடிச் சமாளிப்பார்கள். வாடிய கொழுந்து துவாரம் வழியாகக் கீழே விழும்; அங்கே உருட்டும் இயந்திரம், அதற்கடுத்துச் சல்லடை, புளிக்கவைக்கும் மேசை, காயவைக்கும் அடுப்பு. இந்த வரிசையை மனதில் வைத்து இறங்கினால் தனித்தனியாக நின்ற இரும்புத் துண்டுகள் ஒரே வேலையின் படிகளாகச் சேரும்.

ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதற்குள் கொழுந்தைப் போட்டது யார், எடுத்தது யார், எத்தனை மணிக்கு? தகட்டில் வார்ப்பாலையின் பெயர் இருக்கும், இயக்கிய கையின் பெயர் இருக்காது. அந்தக் கைகளுக்கு உரிய இடம் இந்தப் பயணத்தின் மூன்றாம் நாளில் வருகிறது. அதனால்தான் ஹந்தானையை முதலில் வைக்கச் சொல்கிறோம். இயந்திரத்தின் பெயரும் வேலையும் தெரிந்துவிட்டால் பிறகு மனிதர்களைப் பற்றிக் கேட்பது சுலபம்.

மஹியாவ மயானம்: தவறான கல்லறைக்குப் போகிறவர்கள் அதிகம்

ஜேம்ஸ் டெய்லரின் கல்லறையைத் தேடுகிறவர்களை ஆட்டோக்காரர்கள் தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பிரித்தானியர் படைமுகாம் மயானத்தில் இறக்கிவிடுவதுண்டு. அது வேறு. 1817 முதல் பாவித்து, டெய்லர் இறப்பதற்கு முன்பே மூடிய இடம். பார்க்கத் தகுந்ததுதான், காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் இருபதுகளில் செத்துப்போனவர்களின் வயதுகளை அங்கே கல்லில் வாசிக்கலாம். ஆனால் டெய்லர் கிடப்பது மஹியாவ மயானத்தில். ஏறும்போதே “மஹியாவ” என்று அழுத்திச் சொல்லுங்கள். வாசலில் இருப்பவரிடம் கேட்டால் இடம் காட்டுவார்.

டெய்லர் ஸ்கொத்லாந்துக்காரர். 1852இல், இளம் வயதில் இலங்கைக்கு வந்தவர். 1892 மே 2இல் தன் தோட்டமான லூல்கந்துரவில் இறந்தார். அவருடைய பெட்டியைக் கண்டி வரை சுமந்தவர்கள் இருபத்து நான்கு பேர். பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்து நான்கு மைலுக்கு ஒரு தடவை தோள் மாற்றினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மறுநாள் லூல்கந்துர வீதியில் ஏறும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு வளைவு அந்தத் தோள்களின் பாரம் புரியும்.

லூல்கந்துர: ஒரு முழு நாள் வேண்டும்

இலங்கையில் தேயிலை வியாபாரப் பயிராக முதலில் நின்ற இடம் இது. 1867இல் டெய்லர் 19 ஏக்கரில் நட்டார். அந்த மலைக்கு ஏழாம் நம்பர் என்று பெயர். இரண்டு ஆண்டு கழித்து, 1869இல், கோப்பியில் இலைத் துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து அந்த மலைகளுக்குத் தேயிலை வந்தது. ஆரம்பத்தில் ஸ்டோர் என்று தனியாக ஒன்றில்லை. பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் காயவைத்தார்கள். 1873இல் லண்டனுக்குப் போன முதல் சரக்கு 23 இறாத்தல்.

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் பஸ் உண்டு. அங்கிருந்து ஆட்டோ. குடும்பத்தோடு போகிறவர்கள் கண்டியிலேயே நாள் வாடகைக்கு வான் பிடிப்பது நல்லது. அடிப்பாகம் தாழ்ந்த கார் வேண்டாம், மேலே வீதி கரடுமுரடு. காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். பத்து பதினொரு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது, இவ்வளவு தூரம் வந்ததும் வீண். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள். தெல்தோட்டை தாண்டினால் கடையை நம்ப முடியாது. தொலைபேசி சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வையுங்கள்.

மேலே இருப்பவை: டெய்லர் வசித்த மரவீட்டின் அடித்தளமும் கல் புகைபோக்கியும், ஒரு கிணறு, அவர் உட்கார்ந்து மலை பார்த்த கல் இருக்கை, ஏழாம் நம்பர் மலை. பெரிய மண்டபமோ கண்ணாடிப் பெட்டியோ எதிர்பார்க்காதீர்கள். தோட்டம் இன்றும் வேலை நடக்கும் தோட்டம். உள்ளே போக முன் அலுவலகத்திலோ காவலாளியிடமோ சொல்லிவிடுங்கள். செடிகளுக்கு நடுவே குறுக்கே நடக்காமல், கொழுந்தெடுப்பவர்கள் போகும் பாதையிலேயே போங்கள்; கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சிகள் கத்தி மாதிரி நிற்கும், சப்பாத்தையும் காலையும் கிழித்துவிடும்.

இதே ஹேவாஹெட்டப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரி 10இல், சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முல்லோயா கோவிந்தன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. டெய்லரின் கல்லிருக்கைக்குப் போகிற வாகனங்களில் பெரும்பாலானவை அந்தப் பெயரைக் கேட்காமலே திரும்பிவிடுகின்றன. உங்கள் சாரதியிடமாவது கேளுங்கள்.

பாரதெக்க: லயத்துக்குள்ளேயே ஒரு அருங்காட்சியகம்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்க, ஓல்ட் பீக்கொக் தோட்டம். கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அங்கே இருக்கிறது. அதற்கென்று புதுக் கட்டடம் கட்டவில்லை, பழைய லயத்துக் காம்பராக்களையே (அறைகளையே) எடுத்துக்கொண்டார்கள். ஹந்தானையில் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே மனிதர் கிடைப்பார்: சமையல் பாத்திரம், வேலைக் கருவி, நகை, இசைக் கருவி, தொழிற்சங்கத் தலைவர்களின் படங்கள், பழைய காகிதங்கள்.

இரண்டு நாளுக்கு முன்பே அந்த நிறுவகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். பெரிய கூட்டம் வரும் இடமல்ல. சொல்லாமல் போனால் திறப்பு வைத்திருப்பவரைத் தேட வேண்டி வரலாம். காப்பகத்தில் ஏதாவது வாசிக்க வேண்டுமென்றால், எந்தத் தோட்டம், எந்தக் காலம், எதைப் பற்றி என்பதையும் அப்போதே சொல்லுங்கள். கம்பளை பஸ் நிலையத்தில் பாரதெக்க பஸ் கேளுங்கள். இறங்கும் இடத்தில் “தொழிலாளர் மியூசியம்” என்றால் வழி சொல்வார்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் காம்பராவை அளந்து பாருங்கள். அளவுநாடா இல்லாவிட்டால் காலடியால். பழைய லயங்களில் ஒரு காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் அடுப்பு, படுக்கை, பிள்ளைகள், மழைநாளில் ஈரக் கம்பளி, விறகு. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு (விறாந்தை). முதுகோடு முதுகாகக் கட்டிய லயமென்றால் பின்பக்கம் யன்னலே கிடையாது. புகை எங்கே போகும் என்று கூரையைப் பாருங்கள். நாலு பேர் ஒன்றாக உள்ளே நின்றாலே இடம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

காகிதங்களைப் பார்க்கப் போகுமுன் சில சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் கண்ணாடிக்குள் இருப்பது வெறும் மஞ்சள் தாள். ‘துண்டு’ என்பது ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகத் தேவையான சீட்டு. அவர் பேரில் எவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஆளைக் கூட்டி வந்த கங்காணியிடம் பட்ட முற்பணக் கடன்தான் அது. புதுத் தோட்டம் கடனைக் கட்டினால் ஆள் மாறுவார், கடன் மாறாது. 1921இல் சட்டத்தால் அதை ஒழித்தார்கள். ‘தகரம்’ என்பது இந்தியாவிலிருந்து முகாம் வழியாக வந்தவர்களின் கழுத்தில் கட்டிய எண்ணிட்ட வில்லை. யார் எந்தத் தோட்டத்துக்கு என்று அதைப் பார்த்து அனுப்பினார்கள். ‘செக்ரோல்’ வருகைப் பதிவேடு. ‘பெரட்டு’ காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம். ‘பேர்’ ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. இந்தச் சொல்லை மட்டும் அங்கே இருக்கும் அம்மாமாரிடம் கேளுங்கள். எந்தப் புத்தகத்தையும்விட விளக்கமாகச் சொல்வார்கள்.

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையில் பங்கிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொண்டு குடும்பப் படங்களைப் பாருங்கள். அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை இன்னொரு நாட்டிலுமாகப் போன கதை அனேகமாக எல்லா லயத்திலும் உண்டு.

அக்கம்பக்கத்து லயங்கள் காட்சிப் பொருள் அல்ல. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். அழைக்காமல் இஸ்தோப்பில் ஏறாதீர்கள், காயப்போட்ட துணியையும் குளிக்கும் பீலிக்கரையையும் படமெடுக்காதீர்கள். “வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்காருங்கள். அவசரமென்று மறுப்பதுதான் மரியாதைக் குறைவு. பிள்ளைகளுக்கு டொபியும் காசும் நீட்டாதீர்கள். பஸ்ஸைக் கண்டால் கை நீட்டப் பழகிவிடுவார்கள், அந்தப் பழக்கத்தைத் திருத்தப் பெற்றோர் படும் பாடு பெரிது. கொடுக்க விரும்பினால் பாடசாலைக்குத் தமிழ்ப் புத்தகமாகக் கொடுங்கள்.

பேச்சில் ஒன்று. ‘கூலி’, ‘தோட்டக்காட்டான்’ என்ற சொற்களை விளையாட்டுக்கும் பாவிக்க வேண்டாம். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிற தமிழர் சிலர் வாயில் இது தெரியாமலே வந்துவிடுகிறது. கேட்கிறவர் முகம் மாறினாலும் சொல்ல மாட்டார். மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். அக்கா, அம்மா, அண்ணன், ஐயா, எல்லோருக்கும் “நீங்க”.

ஓடுகிற ஸ்டோரை எத்தனை மணிக்குப் பார்ப்பது

கம்பளையிலிருந்து புசல்லாவ, ரம்பொட வழியாக நுவரெலியா ஏறும்போது லபுக்கலையில் வீதியோரமாகவே ஸ்டோர் இருக்கிறது. நுவரெலியாவுக்குக் கிட்ட பீட்ரு தோட்டத்திலும், அப்புத்தளைக்கு மேலே தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதென்ன ஸ்டோரிலும் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள்.

பெரும்பாலானோர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் ஏமாறுகிறார்கள். காரணம் எளிது. இன்று பகலில் எடுத்த கொழுந்து பின்னேரம் ஸ்டோருக்கு வரும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாட வேண்டும். ஆகவே உருட்டுவது பின்னிரவிலோ விடியற்காலையிலோதான் தொடங்கும். காலை எட்டு மணிக்குப் போனால் உருட்டல், சல்லடை, புளிக்கவைத்தல், காயவைத்தல் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டு மணிக்குப் போனால் பிரித்துத் தரம் பார்ப்பதும் மூட்டை கட்டுவதும்தான். முதல் நாளே தொலைபேசியில் “நாளைக்கு அரைப்பு எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிடுங்கள்.

உள்ளே கவனிக்க வேண்டியவை: வாடிய கொழுந்தைக் கையில் அழுத்திப் பாருங்கள், ஒடியாமல் துணி மாதிரி மடியும். உருட்டி முடிந்த இலை பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும். வாசனையும் புல் மணத்திலிருந்து பழ மணத்துக்குப் போகும். அந்த மணம் உச்சத்துக்கு வரும் நேரத்தைப் பிடித்து அடுப்புக்கு அனுப்புவதுதான் டீமேக்கரின் கைவண்ணம். முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சாயம் மட்டும் மிஞ்சும், சுவை இருக்காது. அடுப்பிலிருந்து வரும் தூளில் ஈரம் மூன்று வீதம் அளவில்தான் இருக்கும். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ கொழுந்து போகிறது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். தேயிலை எந்த மணத்தையும் உறிஞ்சிவிடும். தொங்கும் துப்பட்டாவையும் சால்வையையும் முடிந்து கட்டுங்கள்; பட்டி ஓடும் இயந்திரங்கள் பக்கத்திலேயே நிற்கும்.

வாங்குவதானால் பொதியிலுள்ள தர எழுத்துகளைப் பாருங்கள்: பி.ஓ.பி. என்றால் நடுத்தர உடைப்பு, வெறுந்தேத்தண்ணிக்கு நல்லது. பி.ஓ.பி.எஃப். இன்னும் சிறியது, சாயம் சீக்கிரம் இறங்கும். பால் தேத்தண்ணிக்கு டஸ்ட். பொதியில் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை இருந்தால் முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று பொருள்.

கொழுந்தெடுக்கும் பெண்களைப் படமெடுக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள். நிறுக்கும் நேரம் நெருங்கும்போது நிறுத்தி வைத்துப் பேசாதீர்கள். ஒரு நாள் பேருக்கு இத்தனை கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு உண்டு. உங்கள் படத்துக்காக நின்ற பத்து நிமிடம் அவருடைய கூடையில் குறையும்.

நுவரெலியா, ரயில், அப்பால்

நுவரெலியாவில் ரயில் நிலையம் இல்லை. இறங்க வேண்டியது நானுஓயா. அங்கிருந்து நகருக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவு, பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. நகரில் 1894இன் சிவப்புச் செங்கல் தபால் கந்தோரை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதற்காகவே ஒரு நாள் ஒதுக்கத் தேவையில்லை.

ரயில் பாதையே ஒரு மரபுச் சின்னம். 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த பாதை கோப்பியையும் தேயிலையையும் இறக்கத்தான் போட்டது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வழியில் கடுகண்ணாவவில் ரயில் அருங்காட்சியகத்தையும், கண்டி வீதியைப் போட்ட கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரத்தையும் பார்க்கலாம். நகர்சேர் ரயில்கள் அங்கே நிற்கும் என்று நம்பாதீர்கள். 1ஆம் இலக்கக் கண்டி பஸ் அந்த வழியாகவே போகிறது. முன்பதிவு ஆசனங்கள் திறந்த சற்று நேரத்திலேயே முடிந்துவிடும். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் ஏறி நானுஓயாவுக்குப் பிறகு இடம் பிடிப்பது நடக்கிற காரியம். 1921இன் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க எல்லவில் இறங்குகிறவர்கள் தண்டவாளத்தில் நடந்து போகாமல் ஊர்ப்பாதையால் இறங்குங்கள். சுரங்கத்தின் வாயில் ரயில் வரும் சத்தம் கேட்கும்போது விலக நேரமிருக்காது.

தம்பேதென்னவுக்கு அப்புத்தளையிலிருந்து பஸ் உண்டு. ஸ்டோரிலிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனை இன்னும் ஏழு கிலோமீற்றர் ஏற்றம். விடியலில் ஆட்டோவில் ஏறி, நடந்து இறங்கினால் முழங்காலுக்கும் கண்ணுக்கும் நல்லது.

ஹட்டன் பக்கம் போக நேரமுள்ளவர்கள் டிக்கோயாவின் 1878ஆம் ஆண்டுத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு மஸ்கெலியாவுக்குப் போங்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் கோயிலின் கற்கள் வெளியே தெரியும். கரையில் சேறு ஆளை இழுக்கும். உலர்ந்து வெடித்த மண்ணில் மட்டும் கால் வையுங்கள். மாத்தளையை வடக்கே போகும்போது சேர்த்துக்கொள்ளலாம்: இந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்த தொழிலாளர்கள் மலையைத் தொட்ட இடம் அது. 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை முத்துமாரியம்மனின் ஊர் வரை அதே வழியை மக்கள் திரும்பவும் நடந்தார்கள்.

தாத்தாவின் தோட்டத்தைத் தேடி வருகிறவர்களுக்கு

நீலகிரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும், கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் இப்படி வருகிறவர்கள் ஆண்டுக்காண்டு கூடுகிறார்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால் கண்டுபிடிப்பது கடினம். ஒரு தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒன்று, நம் ஆட்கள் வாயில் ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, புதுக்காடு என்று பல டிவிசன். 1970களில் அரசு தோட்டங்களை எடுத்தபோதும், 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தபோதும் சில தோட்டங்கள் இணைந்தன, சில பிரிந்தன.

ஆகவே வீட்டில் இருக்கும்போதே இவற்றைச் சேருங்கள்: தோட்டத்தின் பெயர் பெரியவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே, டிவிசன், கங்காணியின் பெயர், பக்கத்து டவுன், லயத்துக்குப் பக்கத்தில் இருந்த கோயிலின் சாமி. பழைய பாஸ்போட்டிலோ பிறப்புச் சான்றிதழிலோ ஆங்கிலப் பெயர் இருக்கும். இலங்கையில் பிறந்தவருடைய பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்துப் பெறலாம். பெயரும் மாவட்டமும் ஏறத்தாழப் பிறந்த காலமும் தெரிந்தால் தேடுவார்கள்.

பக்கத்து டவுனில் இறங்கியதும் வரைபடத்தைத் திறக்காதீர்கள். ஆட்டோ நிறுத்தத்தில் வயதான ஒருவரிடம் அந்த வாய்வழிப் பெயரைச் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் போனதும் முதலில் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, பிறகு கோயிலுக்குப் போங்கள். பல கோயில்களில் மணியிலும் தூணிலும் உபயம் செய்த கங்காணிகளின் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். உங்கள் கையிலுள்ள பெயர் அங்கே இருக்கலாம். வேலை நாளில் பகலில் போனால் லயத்தில் பிள்ளைகளும் முதியவர்களும்தான் இருப்பார்கள். உங்களுக்கு வேண்டியதும் முதியவர்களைத்தான். பின்னேரம் நாலரைக்குப் பிறகு மற்றவர்களும் மலையிலிருந்து வந்துவிடுவார்கள்.

பழைய குடும்பப் படத்தைத் தொலைபேசியில் காட்டாதீர்கள். கண் மங்கியவர்களுக்கு அந்தச் சின்னத் திரையில் முகம் தெரியாது. பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோங்கள். கைக்குக் கை மாறி, ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குப் போய், யாராவது ஒருவர் பெயர் சொல்வார். பின்பக்கத்தில் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி இரண்டு பிரதியாக எடுங்கள். ஒன்று அங்கேயே இருக்கட்டும்.